அமெரிக்க நகரங்களின் இனக்கணக்கும் வாக்குக்கணக்கும்: இரண்டையும் ஒட்டும்போது எங்கே பிசகுகிறது?

நிலவரைவாளன் | பதிவு 1

ஒவ்வொரு அதிபர் தேர்தல் முடிந்ததும் ஒரு அட்டவணை சுற்றி வருகிறது. ஒரு பக்கம் நகரத்தின் பெயரும் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் (ஸ்பானிய, லத்தீன் அமெரிக்க வழியினர்), ஆசியர் சதவீதமும். மறுபக்கம் ஜனநாயகக் கட்சி வாங்கிய வாக்கு. அடியில் ஒரு முடிவு: "வெள்ளையர் குறையக் குறைய நகரம் நீலமாகும்." (நீலம் ஜனநாயகக் கட்சியின் நிறம், சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம்.) தமிழ்க் குழுக்களிலும் இதை அப்படியே பகிர்கிறார்கள். கணக்கு எங்கே தவறுகிறது என்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்றுதான் இந்த இழை.

முதல் உதாரணமாக வாஷிங்டன் டி.சி.யை எடுக்கிறேன். காரணம் உண்டு. 1847-க்குப் பிறகு அதன் எல்லை மாறவில்லை. நகரம், கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), வாக்கு எண்ணும் அலகு மூன்றும் அங்கே ஒன்றே. 1961-இல் வந்த 23-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் 1964 முதல் அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். ஆகவே ஒரே நிலத்தை அறுபது ஆண்டு தொடர்ந்து பார்க்கலாம்.

1970 சென்சஸில் அந்த நகரத்தில் கறுப்பினத்தவர் 71%. 2020-இல் 41%. முப்பது புள்ளி இறக்கம். அட்டவணையின் முடிவு சரியென்றால் ஜனநாயகக் கட்சி வாக்கும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். 1980-இல் கார்ட்டர் வாங்கியது 75%, 2020-இல் பைடன் வாங்கியது 92%. ஏறித்தான் இருக்கிறது.

வந்து குடியேறியவர்கள் "வெள்ளையர்" என்ற தலைப்பின் கீழ் எண்ணப்படுகிறார்கள், சரி. ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊரில் இருக்கும் வெள்ளையரும், பட்டம் பெற்று தலைநகரில் வேலைக்கு வந்து அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் வெள்ளையரும் ஒரே மாதிரி வாக்களிப்பதில்லை. இன சதவீதம் அந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

கணக்குச்செல்வி | பதிவு 2

முடிவு சரி, ஆனால் 1980-ஐ அடிப்படை ஆண்டாக வைக்காதீர்கள் அண்ணா. அந்தத் தேர்தலில் ஜான் ஆண்டர்சன் சுயேச்சையாக நின்று டி.சி.யில் ஒன்பது சதவீதத்துக்கு மேல் எடுத்தார். கார்ட்டரின் 75% அதனால் தாழ்வாகத் தெரிகிறது. 1984-இல் மாண்டேல் வாங்கிய 85%-ஐ வையுங்கள். அப்போதும் 92-க்கு ஏற்றம்தான், 17 புள்ளி 7 ஆகிவிடும், அவ்வளவே. மூன்றாவது வேட்பாளர் வலுவாக நின்ற ஆண்டுகளில் (1968, 1980, 1992, 1996) இரு கட்சி வாக்கை மட்டும் கூட்டி அதில் பங்கு எடுப்பது வழக்கம்.

இனி பெரிய பிழைக்கு வருகிறேன். அட்டவணைக்காரர்கள் இன சதவீதத்தை மொத்த மக்கள்தொகையிலிருந்து எடுக்கிறார்கள், வாக்கு சதவீதத்தை வாக்களித்தவர்களிலிருந்து எடுக்கிறார்கள். வகுக்கும் எண்ணே வேறு. பிறந்த குழந்தையும் குடியுரிமை இல்லாதவரும் முதல் கணக்கில் உண்டு, இரண்டாவதில் இல்லை.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று காட்ட ஒரு கற்பனை நகரம். மொத்தம் 1,00,000 பேர். ஹிஸ்பானிக் 44,000, ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 24,000.

ஹிஸ்பானிக் மக்களில் 18 வயது நிரம்பியவர் 70% என்று கொண்டால் 30,800. அவர்களில் குடியுரிமை உள்ளவர் 65% என்றால் 20,020. அதில் 45% வாக்களித்தால் 9,009 வாக்கு. வெள்ளையரில் 18 நிரம்பியவர் 84%, அதாவது 20,160. குடியுரிமை 96%, அதாவது 19,354. அதில் 68% வாக்களித்தால் 13,160 வாக்கு. மக்கள்தொகையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தவர்கள் வாக்குப்பெட்டியில் மூன்றில் இரண்டு பங்குதான் வருகிறார்கள். ஹூஸ்டன், டல்லாஸ், லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி இளம் வயதினரும் புதுக் குடியேறிகளும் நிறைந்த நகரங்களில் இந்தத் திசையில்தான் கணக்கு சாயும்.

எடுக்க வேண்டிய அட்டவணைகள்: மொத்த மக்களின் இனத்துக்கு, சென்சஸ் அலுவலகம் ஆண்டுதோறும் எடுக்கும் ஏசிஎஸ் மாதிரிக் கணக்கெடுப்பின் பி 03002 (B03002). வயதும் குடியுரிமையும் சேர்ந்து வேண்டுமென்றால் பி 05003. அதன் கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்தால் அது ஓர் இனத்துக்கான தனி அட்டவணை. எச் என்றால் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர், ஐ என்றால் ஹிஸ்பானிக். இதைவிட நேர்வழியும் உண்டு: சென்சஸ் அலுவலகம் வாக்களிக்கும் வயதுக் குடிமக்களை இனவாரியாகப் பிரித்து ஆண்டுதோறும் தனித் தொகுப்பாக வெளியிடுகிறது. தொகுதி வரையறை வழக்குகளில் வழக்கறிஞர்கள் கையில் இருப்பது அதுதான்.

ஓராண்டுத் தொகுப்பு 65,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு மட்டுமே கிடைக்கும். சிறிய ஊருக்கு ஐந்தாண்டுத் தொகுப்பு. 2020 தேர்தலோடு ஒட்டுவதற்கு 2018–2022 தொகுப்பு பொருத்தம், ஏனென்றால் தேர்தல் ஆண்டு அதன் நடுவில் விழுகிறது. பிழை வரம்பைக் கூட்டும்போது நேரடியாகக் கூட்டக்கூடாது. ±120, ±90 என்று இரண்டு பகுதி இருந்தால் கூட்டின் வரம்பு ±210 ஆகாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ±150. அச்சில் வருவது 90% நம்பகத்துக்கான வரம்பு, திட்டப்பிழை வேண்டுமானால் 1.645-ஆல் வகுக்க வேண்டும்.

எல்லைக்கல் | பதிவு 3

செல்வி அக்கா சொன்னது வகுக்கும் எண் பற்றி. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எது நகரம்?

இண்டியனாபோலிஸ் 1970 ஜனவரி 1 அன்று மேரியன் கவுண்டியோடு இணைந்தது. யூனிகவ் என்பார்கள். ஆனால் ஸ்பீட்வே, லாரன்ஸ், பீச் குரோவ், சவுத்போர்ட் என்ற நான்கு ஊர்கள் தனியாகவே நின்றுவிட்டன. அதனால் சென்சஸில் அந்த நகரத்தின் பெயருக்குப் பின்னால் "மிச்சம்" என்று பொருள்படும் ஒரு சொல் ஒட்டியிருக்கும். 2020-இல் அந்த மிச்சத்தின் மக்கள்தொகை 8,87,642. மேரியன் கவுண்டி முழுவதும் 9,77,203. லூயிவில்லில் இடைவெளி இன்னும் பெரிது. அது 2003-இல் இணைந்தது. மிச்சம் 6,33,045, ஜெஃபர்சன் கவுண்டி 7,82,969. இன விகிதத்தை மிச்சத்திலிருந்து எடுத்து வாக்கை கவுண்டியிலிருந்து எடுத்தால் ஒன்றரை லட்சம் பேர் ஒரு பக்கம் மட்டும் கணக்கில் வருவார்கள். நாஷ்வில்லிலும் (1963) இதே சிக்கல்.

செயின்ட் லூயிஸில் குழப்பம் எதிர்த்திசையில். 1876-இல் நகரம் கவுண்டியிலிருந்து பிரிந்துவிட்டது. இன்றைக்கு "செயின்ட் லூயிஸ் கவுண்டி" என்றால் நகரத்துக்கு வெளியே இருக்கும் புறநகர்கள். 2020-இல் நகரம் 3,01,578 பேர், கவுண்டி 10,04,125 பேர். பைடனுக்கு நகரத்தில் 82%, கவுண்டியில் 61%. பெயர் ஒன்று என்பதற்காக ஒன்றின் இனக்கணக்கையும் மற்றதன் வாக்கையும் ஒரே வரியில் போட்ட அட்டவணைகள் இருக்கின்றன.

ஓக்லஹோமா சிட்டியை "சிவப்பு நகரம்" என்று காட்ட ஓக்லஹோமா கவுண்டி முடிவைப் போடுவார்கள். நகரம் நான்கு கவுண்டிகளில் பரந்து கிடக்கிறது. கவுண்டிக்குள் எட்மண்ட் போன்ற வேறு ஊர்களும் உண்டு. அந்தக் கவுண்டியிலேயே 2020-இல் டிரம்ப் சுமார் ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் வென்றார்.

ஜாக்சன்வில் பற்றி ஒரு வார்த்தை. 1968-இல் டுவால் கவுண்டியோடு இணைந்தபோது புறநகரையும் காட்டையும் நகரத்துக்குள் இழுத்துக்கொண்டது. 747 சதுர மைல் நிலம். டெட்ராய்ட் 139 சதுர மைல்தான். டெட்ராய்ட் எல்லையை ஜாக்சன்வில் அளவுக்கு விரித்தால் டெட்ராய்டின் இன விகிதமும் வாக்கும் இரண்டுமே வேறாகிவிடும். "நீல நகரம்", "சிவப்பு நகரம்" என்பதில் பாதி, எந்தக் காலத்தில் யார் எல்லைக்கோடு போட்டார்கள் என்பதன் விளைவு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நகரமும் கவுண்டியும் ஒன்றாக இருக்கும் இடங்களில் பழகுங்கள்: சான் பிரான்சிஸ்கோ, டென்வர், ஃபிலடெல்ஃபியா, நியூ ஆர்லியன்ஸ், பால்டிமோர் நகரம், செயின்ட் லூயிஸ் நகரம், டி.சி. நியூயார்க் ஐந்து கவுண்டிகளின் கூட்டு, அதுவும் சுலபம். கனெக்டிகட் பக்கம் போகும்போது கவனம்: அங்கே 2022 முதல் ஏசிஎஸ் பழைய கவுண்டிகளை விட்டுவிட்டு திட்டப் பகுதிகளில் எண்களைத் தருகிறது. பழைய ஆண்டோடு வரிக்கு வரி ஒட்டாது.

வைகைக்கரை | பதிவு 4

மூவரும் சொல்வது புரிகிறது. ஆனாலும் ஒரு மறுப்பு. டெட்ராய்டில் கறுப்பினத்தவர் முக்கால் பங்குக்கு மேல், பைடனுக்கு 94%. பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ், பர்மிங்ஹாம் எல்லாம் அதே வரிசை. கறுப்பினத்தவர் சதவீதம் ஒன்றை மட்டும் வைத்தே கணிப்பு சரியாக வருகிறதே. நுணுக்கம் பேசிப் பேசி, கண்ணெதிரே இருக்கும் பெரிய உண்மையை மறைக்கிறோமோ என்று தோன்றுகிறது.

நிலவரைவாளன் | பதிவு 5

நியாயமான மறுப்பு. கறுப்பின வாக்காளர்களின் ஒருமுகப்பாடு உண்மை. 2024-இல் பியூ நிறுவனம் வாக்காளர் பதிவேட்டோடு சரிபார்த்த ஆய்விலும் அவர்கள் ஹாரிஸுக்கு 83%, டிரம்புக்கு 15%. அமெரிக்காவின் பெரிய இனப்பிரிவுகளில் வேறெதுவும் இவ்வளவு ஒன்றாக நிற்பதில்லை. ஆனால் இதை நிறத்தின் இயல்பாக எழுதினால் வரலாறு தலைகீழாகிவிடும்.

சிகாகோ தெற்குப் பகுதியைப் பாருங்கள். 1928-இல் அங்கே ஆஸ்கர் டி பிரீஸ்ட் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். கறுப்பினத்தவர், குடியரசுக் கட்சிக்காரர். லிங்கனின் கட்சி என்பதால் அன்றைய கறுப்பின வாக்கு அந்தப் பக்கம். 1934-இல் அதே தொகுதியில் அவரைத் தோற்கடித்த ஆர்தர் மிட்செல்தான் ஜனநாயகக் கட்சியின் முதல் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர். தொகுதியின் இனம் மாறவில்லை, ஆறு ஆண்டில் கட்சி மாறியது. 1936-இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் பக்கம் கறுப்பினப் பெரும்பான்மை போனது. அப்படியும் 1960-இல் நிக்சனுக்குக் கறுப்பின வாக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவு கிடைத்தது. 1964-இல், இனப்பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சி நிறுத்தியபோதுதான் அது ஒற்றை இலக்கத்துக்குச் சரிந்தது.

டெட்ராய்ட் டெட்ராய்டாக இருப்பதற்கும் காரணங்கள் எழுத்தில் இருக்கின்றன. 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுக்கடன் காப்பீடு கறுப்பினப் பகுதிகளை ஆபத்தானவை என்று ஒதுக்கியது. 1941-இல், நகரத்தின் வடக்கு எல்லையான எட்டாம் மைல் சாலைக்குத் தெற்கே பர்வுட் தெருவை ஒட்டி, வெள்ளையர் குடியிருப்புக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு சுவர் எழுப்பினார்கள். அது இன்றும் நிற்கிறது. 1974-இல் உச்ச நீதிமன்றம் மில்லிகன் வழக்கில், பள்ளிகளின் இனப்பிரிவை நீக்கும் திட்டத்துக்குள் புறநகர்களை இழுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நகர எல்லையைத் தாண்டிய வெள்ளையருக்கு அந்தக் கோடு வேலியாயிற்று. 1950-இல் 18,49,568 பேர் இருந்த நகரம் 2020-இல் 6,39,111. எட்டாம் மைலுக்கு வடக்கே மக்கோம் கவுண்டியில் 2020-இல் டிரம்புக்கு 53%. சாலைக்கு இந்தப் பக்கம் 5%. இதை வெறுமே "கறுப்பின நகரம், ஆகவே நீலம்" என்று எழுதினால் அந்தக் கோட்டைப் போட்டவர்கள் காணாமல் போகிறார்கள்.

இன்னொன்று: சதவீதம் மாறாமலே முடிவு மாறும். 2012-இல் டெட்ராய்ட் ஒபாமாவுக்குத் தந்ததைவிட 2016-இல் கிளிண்டனுக்குச் சுமார் 47,000 வாக்கு குறைவாகத் தந்தது. கிளிண்டனின் பங்கு அப்போதும் 95%. மிச்சிகனில் அவர் தோற்றது 10,704 வாக்கில். சதவீதப் பத்தியை மட்டும் பார்க்கிறவருக்கு டெட்ராய்டில் எதுவுமே நடக்கவில்லை. எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பதை அந்தப் பத்தி சொல்லாது.

கணக்குச்செல்வி | பதிவு 6

வைகைக்கரையின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: நகர மொத்தத்தை வைத்து, ஒரு பிரிவினர் எப்படி வாக்களித்தார்கள் என்று சொல்லலாமா? 1950-இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: மொத்தங்களுக்கு இடையே தெரியும் தொடர்பு தனிமனிதர்களுக்கு இடையே இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

எவ்வளவு சொல்லலாம் என்பதை வரம்புமுறையில் கணக்கிடலாம். ஒரு நகரத்தில் வாக்களித்தவர்களில் கறுப்பினத்தவர் 30%, ஜனநாயகக் கட்சிக்கு 83% என்று வையுங்கள். மற்ற 70% பேரும் முழுமையாக அந்தக் கட்சிக்கே போட்டிருந்தால், கறுப்பினத்தவரிடமிருந்து வந்தது 13. 13-ஐ 30-ஆல் வகுத்தால் 43%. மறுமுனை 100%. ஆக, நகர மொத்தம் சொல்வது "43-க்கும் 100-க்கும் நடுவில் எங்கோ" என்பது மட்டும். இதை வைத்து ஒன்றும் பேச முடியாது.

இப்போது பிரிசிங்ட் மட்டத்துக்கு இறங்குங்கள். நம் வாக்காளர் பட்டியலில் வரும் பாகம் போன்றது அது. ஒரு பிரிசிங்டில் வாக்களித்தவர்களில் 90% கறுப்பினத்தவர், ஜனநாயகக் கட்சிக்கு 95%. கீழ்வரம்பு: 95-இல் 10 போக 85, அதை 90-ஆல் வகுத்தால் 94.4%. மேல்வரம்பு 100%. இறுக்கமான விடை. அதே பிரிசிங்டில் மீதி 10% பேரின் வாக்கு? 95-இல் 90 போக 5, 10-ஆல் வகுத்தால் 50%. அவர்களுக்கு 50-க்கும் 100-க்கும் நடுவில் எதுவும் சாத்தியம்.

இதிலிருந்து வரும் நடைமுறைப் பாடம்: பிரிந்து வாழும் நகரங்களில் (மில்வாக்கி, டெட்ராய்ட், சிகாகோ) கணக்கு நன்றாக வரும். கலந்து வாழும் நகரங்களில் வராது. பிரிசிங்ட் முடிவுகளிலிருந்து ஒரு பிரிவினரின் வாக்கை ஊகிக்க குட்மேன் 1953-இல் தந்த நேர்கோட்டு முறை நூறு சதவீதத்துக்கு மேல் விடை தந்து மானத்தை வாங்கும். கேரி கிங் 1997-இல் தந்த முறை வரம்புகளையும் சேர்த்து இறுக்குவதால் அந்த அபத்தம் வராது, ஆனால் கலப்பான பிரிசிங்ட்களில் அதன் விடையும் ஊகமே. ஒரு பிரிவினர் தங்கள் கூட்டத்துக்குள் வாழும்போது ஒரு மாதிரியும் வெளியே வாழும்போது வேறு மாதிரியும் வாக்களித்தால் இரண்டு முறையும் ஏமாறும். டி.சி. உதாரணத்தில் நடந்தது இதுதான்.

தென்றல் 77 | பதிவு 7

ஹிஸ்பானிக் என்ற பத்தியை அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அந்த ஒரு பத்தி செய்யும் தீங்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது.

மூன்று நகரங்கள். ஃபுளோரிடாவின் ஹயலியா, டெக்சாஸின் லரேடோ, கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா. முதல் இரண்டிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹிஸ்பானிக், மூன்றாவதில் முக்கால் பங்கு. ஹயலியா கியூபர்களின் ஊர். காஸ்ட்ரோ ஆட்சியிலிருந்து வெளியேறியவர்கள், 1966-இன் கியூபர் சட்டத்தால் மற்றவர்களைவிட வேகமாக நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள். "சோஷலிசம்" என்ற சொல் அங்கே வீட்டுக் காயத்தின் பெயர். 2020-இல் டிரம்ப் அங்கே பெரும் வித்தியாசத்தில் வென்றார். சாண்டா ஆனா பெரும்பாலும் மெக்சிகோ வழியினர், ஜனநாயகக் கட்சியின் கோட்டை. லரேடோ இருக்கும் வெப் கவுண்டியில் 2016-இல் கிளிண்டனுக்கு 74%, 2020-இல் பைடனுக்கு 61%, 2024-இல் டிரம்ப் வென்றார். அங்கேயும் மெக்சிகோ வழியினர்தான். ஆனால் தலைமுறைகளாக எல்லையோரம் இருப்பவர்கள், எல்லைக் காவல் படையிலும் எண்ணெய் வயலிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள்.

மயாமி-டேட் கவுண்டியைத் தொடராகப் பாருங்கள். 2016-இல் கிளிண்டன் 29 புள்ளி முன்னிலை. 2020-இல் பைடன் 7 புள்ளி. 2024-இல் டிரம்ப் 11 புள்ளி முன்னிலை. எட்டு ஆண்டில் 40 புள்ளி நகர்வு. அந்த எட்டு ஆண்டில் இன விகிதம் நகர்ந்தது மிகக் கொஞ்சம். மாறாத ஒன்றை வைத்து மாறியதை விளக்க முடியாது.

ஆகவே பி 03002 மட்டும் போதாது. பி 03001-ஐயும் எடுங்கள். அதில் மெக்சிகோ, பியூர்டோ ரிகோ, கியூபா, தென் அமெரிக்கா என்று பிரித்திருக்கும். ஆசியருக்கு பி 02015. ஃப்ரீமாண்டின் இந்தியரையும் சீனரையும் வெஸ்ட்மின்ஸ்டரின் வியட்நாமியரையும் ஒரே "ஆசியர்" பத்தியில் கூட்டினால் நேரும் பிழையும் இதே வகை. கம்யூனிச ஆட்சியைவிட்டு வந்த வியட்நாமியர் மற்ற ஆசியரைவிடக் குடியரசுக் கட்சிக்கு நெருக்கமானவர்கள்.

எல்லைக்கல் | பதிவு 8

தென்றல் சொன்னதோடு டியர்போர்னையும் சேர்க்க வேண்டும். சென்சஸ் அட்டவணையில் அது வெள்ளையர் பெரும்பான்மை நகரம். 2020-இல் மக்கள் கைப்பட எழுதிய பூர்வீகத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியினர். படிவத்தில் அவர்களுக்கென்று கட்டம் இல்லாததால் "வெள்ளையர்" பெட்டிக்குள் போனார்கள். 2024-இல் காசாப் போர் வாக்கைப் பிளந்தபோது அங்கே டிரம்புக்கு 42%, ஹாரிஸுக்கு 36%, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18%. "வெள்ளையர் நகரம்" என்ற பத்தியைப் பார்த்து இந்த முடிவைப் புரிந்துகொள்ள வழியே இல்லை. 2024 மார்ச்சில் கூட்டாட்சி அரசு விதியைத் திருத்தியது. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியினருக்குத் தனிக் கட்டம், ஹிஸ்பானிக் கேள்வியும் இனக் கேள்வியும் ஒரே கேள்வியாக இணைப்பு.

2010-ஐயும் 2020-ஐயும் ஒப்பிடுகிறவர்கள் விழும் குழி ஒன்று: 2020-இல் கேள்வியின் அமைப்பும், கையால் எழுதியதைக் குறியீடாக்கும் முறையும் மாறின. "இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம்" 90 லட்சத்திலிருந்து 3 கோடியே 38 லட்சமானது. "வெள்ளையர் மட்டும்" 8.6% குறைந்தது. இதில் பெரும்பகுதி படிவத்தின் வேலை. பத்தே ஆண்டில் நகரங்கள் நிறம் மாறிவிட்டன என்று இதை வைத்து எழுதக்கூடாது.

விடுபட்டவர் கணக்கும் நகரங்களைத் தாக்கும். 2020 சென்சஸுக்குப் பின் நடந்த சரிபார்ப்பில் நாடு முழுவதும் ஹிஸ்பானிக் மக்களில் 4.99%, கறுப்பினத்தவரில் 3.30% எண்ணப்படாமல் போனது தெரிந்தது. ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 1.64% கூடுதலாக எண்ணப்பட்டார்கள்.

வைகைக்கரை | பதிவு 9

என் மறுப்பை அரைவாசி திரும்பப் பெறுகிறேன். டெட்ராய்ட் வரை அது நிற்கும், லரேடோவில் நிற்காது.

ஒரு சந்தேகம். பெயரை வைத்து இனம் ஊகிக்கும் முறை இருக்கிறதே, குடும்பப் பெயரையும் வசிக்கும் பகுதியையும் சேர்த்துப் பார்ப்பது. வாக்காளர் பட்டியல் கையில் இருந்தால் பிரிசிங்ட் கணக்கைவிட அது நேரடியாக இல்லையா?

கணக்குச்செல்வி | பதிவு 10

ஃபுளோரிடா, ஜார்ஜியா, வட கரோலினா போன்ற தென் மாநிலங்களில் வாக்காளர் பதிவிலேயே இனம் இருக்கிறது, ஊகம் தேவையில்லை. டெக்சாஸ், மிச்சிகனில் அது இல்லை, கட்சிப் பதிவும் இல்லை. அங்கேதான் நீங்கள் சொல்லும் முறைக்குப் போகிறார்கள்.

கார்சியா, ஙுயென் போன்ற பெயர்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் பொதுவான ஜான்சன், வில்லியம்ஸ் வந்தால் முழுப் பாரமும் வசிக்கும் பகுதியின் தலையில் விழும். ஃபிலிப்பைன்ஸ் வழியினர் ஸ்பானியப் பெயர் வைத்திருப்பதால் ஹிஸ்பானிக் ஆகிவிடுவார்கள்.

தமிழர்கள் விஷயத்தில் இது நன்றாகவே தடுமாறும். சென்சஸ் பெயர்ப்பட்டியலில் நாடு முழுக்க குறைந்தது நூறு பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர்களே உண்டு. நம்மவர்கள் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவதால் வீட்டுக்கு வீடு, தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பல பெயர்கள் நூறைத் தொடாமல் பட்டியலுக்கு வெளியே போய்விடும். தாமஸ், ஜோசப் என்று இருந்தாலோ வெள்ளையர் அல்லது கறுப்பினத்தவர் என்று குறிக்கப்படுவார்கள். நியூ ஜெர்சி, வட கரோலினா புறநகர்களில் இந்திய வாக்கை இந்த முறையில் எண்ணினால் தென்னிந்தியர் குறைத்தே எண்ணப்படுவார்கள், படேல்களும் சிங்குகளும் சரியாக விழுவார்கள்.

நகரசபை | பதிவு 11

எல்லோரும் அதிபர் வாக்கையே பேசுகிறீர்கள். நகரத்தின் "அரசியல் சாய்வு" என்பது அது ஒன்றுதானா?

டல்லாஸ் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் நகரம், ஹிஸ்பானிக் மக்கள் 40%-க்கு மேல். அதன் மேயர் எரிக் ஜான்சன் கறுப்பினத்தவர். 2023 மே மாதம் மறுபடி வென்று, செப்டம்பரில் குடியரசுக் கட்சிக்கு மாறினார், பதவியில் தொடர்ந்தார். அங்கே மேயர் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. டெட்ராய்ட் 2013-இல் மைக் டகனைத் தேர்ந்தெடுத்தது. வெள்ளையர். முதல்கட்டத் தேர்தலில் அவர் பெயர் சீட்டிலேயே இல்லை, மக்கள் கையால் எழுதிப் போட்டு முதலிடம் தந்தார்கள்.

சிகாகோவில் வெள்ளையர், ஹிஸ்பானிக், கறுப்பினத்தவர் மூவரும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. 2023 இறுதிச் சுற்றில் பிராண்டன் ஜான்சன், பால் வாலஸ் இருவருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள். முடிவு 52–48. காவல்துறை, பள்ளி, வரி என்று நகரமே இரண்டாகப் பிளந்த தேர்தல் அது. அதிபர் வாக்கை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தப் பிளவு தெரியாது.

கொள்கைக் கருத்துகளை வைத்து அளந்தவர்களும் உண்டு. கிறிஸ் டாசனோவிச், கிறிஸ்டோபர் வார்ஷா இருவரும் 2014-இல் பெரிய நகரங்களை வரிசைப்படுத்தியபோது அரிசோனாவின் மேசா மிகப் பழமைவாத நகரமாக வந்தது, சான் பிரான்சிஸ்கோ மறுமுனையில். பத்து ஆண்டு கழித்து, 2024-இல் அதே மேசாவின் குடியரசுக் கட்சி மேயர் ஜான் ஜைல்ஸ் ஹாரிஸை ஆதரித்தார். ஒரு நகரத்துக்கு ஒட்டிய பட்டம் எவ்வளவு காலம் செல்லும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

வைகைக்கரை | பதிவு 12

கடைசியாகச் செய்முறைக் கேள்வி. பிரிசிங்ட் முடிவுகளை நகர எல்லைக்குள் கூட்டும்போது எங்கே உடையும்?

எல்லைக்கல் | பதிவு 13

மூன்று இடத்தில்.

மிச்சிகன், விஸ்கான்சினில் ஊராட்சியே தேர்தல் நடத்துவதால் பிரிசிங்ட் ஊர் எல்லையைத் தாண்டாது. கவுண்டி நடத்தும் மாநிலங்களில் தாண்டும். அப்படித் தாண்டியதைப் பரப்பளவால் பிரிக்காதீர்கள். விமான நிலையமோ கோல்ஃப் மைதானமோ பாதி இடத்தை அடைத்திருந்தால் ஆளே இல்லாத நிலத்துக்கு வாக்குப் போய்ச்சேரும். சென்சஸ் பிளாக் (சென்சஸின் மிகச் சிறிய நிலப்பகுதி) அளவில் 18 வயது நிரம்பியவர் எண்ணிக்கையை எடுத்து அந்த விகிதத்தில் பிரியுங்கள். தொகுதி மறுவரையறைக்காக சென்சஸ் அலுவலகம் வெளியிடும் கோப்பின் P3, P4 அட்டவணைகளில் அது இருக்கிறது. 2020-இல் தனியுரிமைக்காகப் பிளாக் எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றம் சேர்த்திருக்கிறார்கள். தனி பிளாக்கை நம்பாதீர்கள். பல பிளாக்குகளைக் கூட்டும்போது பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்தது வரைபடம். பிரிசிங்ட் எண் அப்படியே இருக்க எல்லை மாறியிருக்கும். அந்தந்தத் தேர்தலின் வரைபடத்தையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது தபால் வாக்கு. 2020-இல் டெட்ராய்டில் பெரும்பகுதி வாக்கு தபாலில் வந்தது. அவற்றை எண்ணியது தனி எண்ணும் குழுக்கள், ஒவ்வொன்றும் பல பிரிசிங்ட்களுக்குச் சேர்த்து. முடிவுக் கோப்பில் பிரிசிங்ட் வரியில் நேரில் போட்ட வாக்கு மட்டும் இருக்கும், தபால் வாக்கு குழு எண்ணின் கீழ் வேறு வரியில் இருக்கும். இதைக் கவனிக்காதவர் கணக்கில் டெட்ராய்டின் பாதிக்கு மேல் காணாமல் போகும், எஞ்சும் நேரடி வாக்கு டிரம்ப் பக்கம் சற்றுச் சாய்ந்தே தெரியும். எந்தக் குழு எந்தப் பிரிசிங்ட்களை எண்ணியது என்ற பட்டியலை எடுத்து, அந்தப் பிரிசிங்ட்களையும் குழுவையும் சேர்த்து ஒரே அலகாக்குங்கள். இன எண்களையும் அதே அலகுக்குக் கூட்டிக்கொண்டு பிறகு செல்வி அக்காவின் வரம்புக் கணக்குக்குப் போங்கள்.